நம்ம பாட்டு யார் கையில்?

(மகளிர் தினத்தையொட்டி நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலேயே தாண்டிக்குடி, பூலத்தூர், பெரும்பாறை என்று ஊர் ஊராக பஸ் பிடித்து வந்திருக்கீங்க. மன்னவனூர் குழுவினர் முதல் பஸ்ஸை விட்டுட்டு பூண்டு மூட்டை ஏத்தின வண்டியில வந்து இறங்கினதை நானே பார்த்தேன். அதனால வளவளன்னு பேச மாட்டேன்.

அழைப்பிதழில் எனக்குப் போட்டிருக்கிற தலைப்பு "தகவல் தொழில்நுட்பமும் மகளிர் முன்னேற்றமும்". தலைப்பு ரொம்பப் பெரிசு. நான் பேசப் போறது ஒரு சின்ன பேப்பரைப் பத்தி. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நம்ம குழு ஒன்றுக்கு வந்த பேப்பர். எந்தக் குழு என்று இங்கே சொல்லவில்லை, அவங்களுக்குத் தெரியும்.

அந்தக் குழுவில் முளைப்பாரிக் கும்மி நல்லாப் பாடுவாங்க. தாலாட்டும் உண்டு. கீழேயிருந்து ஒருத்தர் வந்தார். பாட்டைக் கேட்டார், ரசிச்சார். மறுவாரம் ரெண்டு பக்கம் டைப் அடிச்ச பேப்பரோட வந்தார். பத்துப் பாட்டு பாடித் தரணும், மொத்தமா ஐயாயிரம் ரூபாய். ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டா போதும். குழு என்னைக் கூப்பிட்டு, "சார் மரியாதையா பேசுறாரு, போட்டுடலாமா?" என்று கேட்டது. நான் படிச்சுப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்துல ஒரு வரி: எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும், எல்லா நாட்டுக்கும் அவருக்கே. அதாவது நம்ம பாட்டி பாடின தாலாட்டை நம்ம பேத்தி போன்ல பாடிப் போட்டா, இது எங்களுடையது என்று அவர் சொல்ல வழி வைத்த பேப்பர்.

"இன்னைக்குப் போட வேண்டாம், ரெண்டு வாரம் டைம் கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த ரெண்டு வாரம் இன்னையோட முடியுது. அதனாலதான் எல்லார் முன்னாடியும் பேசுறேன். நாளைக்கு இதே மாதிரி பேப்பர் உங்க குழுவுக்கும் வரும்.

முதல்ல ஒரு கேள்வி. பூண்டு போடுறவங்க இங்க எத்தனை பேர்? கை தூக்குங்க. வடுகபட்டி மண்டியில மூட்டையை இறக்கி வெச்சதும் விலை சொல்றது யாரு? நாமளா? இல்லை. 2019-ல் நம்ம கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு புவிசார் குறியீடு கிடைச்சது. அதே வருஷம் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைச்சது. அது எதுக்கு? இந்தப் பேரை வேற ஊர்ப் பூண்டு மேல யாரும் ஒட்டக் கூடாது என்பதற்கு. மண்ணுக்குள்ள விளையுற பூண்டுக்கே பேர் காப்பாத்துற சட்டம் இருக்கு. தொண்டையில விளையுற பாட்டுக்கு இருக்காதா? இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முன்னெல்லாம் ஒரு பாட்டு ஊரைத் தாண்டிப் போகணும்னா மூணு வழிதான். ரேடியோ, கேசட் கம்பெனி, சினிமா. நம்ம கோடை பண்பலை 100.5 இருக்கு, மலையில இருக்கிற டவர்லேர்ந்து எத்தனையோ மாவட்டத்துக்குக் கேக்குது. ஆனா அதுல நாம பாடணும்னா அவங்க கூப்பிடணும். கேசட் போடணும்னா கம்பெனிக்காரர் மனசு வைக்கணும். எல்லா வழியிலயும் வாசல்ல ஒருத்தர் நின்னார். இப்ப நாலாவது வழி ஒண்ணு வந்திருக்கு. பாடுறவங்களே பதிவு பண்ணி, அவங்களே இணையத்துல வெளியிட்டு, அவங்களே நாலு பேருக்குச் சொல்றது. சுயேச்சை இசைக் கலைஞர்கள் என்று இப்ப சொல்றாங்களே, அவங்க இப்படித்தான். தேர்தல்ல கட்சி சீட்டு இல்லாம சுயேச்சையா நிக்கிற மாதிரி.

வெளிநாட்டுல ரேடியோஹெட் என்று ஒரு பெரிய இசைக்குழு. 2007-ல் கம்பெனியை நம்பாம தங்களோட இணைய பக்கத்துலயே பாட்டுகளைப் போட்டு, "உங்களுக்கு எவ்வளவு தோணுதோ அவ்வளவு குடுங்க" என்று சொன்னாங்க. நம்ம கோவில் உண்டியல் மாதிரி. சும்மா எடுத்துக்கிட்டவங்களும் உண்டு, காசு போட்டவங்களும் உண்டு. ஆனா அவங்க ஏற்கனவே உலகம் பூரா பேர் எடுத்தவங்க. நமக்கு அது சரிப்படுமா என்று நீங்க கேப்பீங்க. அதனால நம்ம மலையிலேயே நடந்த கதையைச் சொல்றேன்.

கொடைக்கானல்ல செயின்ட் மேரிஸ் ரோட்டுப் பக்கம் தெர்மாமீட்டர் பாக்டரி இருந்தது பெரியவங்களுக்குத் தெரியும். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சி, அதுக்குள்ள வெள்ளி மாதிரி ஓடுற பாதரசம். அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊர்ல இருந்த பாண்ட்ஸ் கம்பெனியோட பாக்டரி 1980-களின் தொடக்கத்துல இங்க வந்தது. பிறகு அது யூனிலீவர் கம்பெனியோட இந்தியக் கிளையான இந்துஸ்தான் லீவர் கைக்குப் போச்சு. இங்க செஞ்ச தெர்மாமீட்டர் எல்லாம் வெளிநாட்டுக்கு. வேலை செஞ்சவங்க நம்ம ஆளுங்க. பாதரசம் கையில ஒட்டாது, உருண்டு ஓடும், பார்க்க அழகா இருக்கும். ஆனா சாதாரண வெயில்லயே ஆவியாகி மூச்சுல போயிடும். நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில பாதரசம் கலந்த உடைஞ்ச கண்ணாடி 7 டன்னுக்கு மேல கிடந்ததை ஊர்க்காரங்களும் கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து வெளியே கொண்டு வந்தாங்க. அந்த வருஷமே பாக்டரி மூடப்பட்டது. 2003-ல் கிட்டத்தட்ட 290 டன் கழிவு மூட்டை கட்டி அமெரிக்காவுக்கே திரும்பிப் போச்சு. ஆனா பாம்பார் சோலைப் பக்கத்து மண்ணுல கலந்தது அங்கேயே இருந்தது. பாம்பாறு எங்க போய் விழுது? கும்பக்கரை அருவியில. பெரியகுளத்துப் பக்கத்து சகோதரிகள் அந்தத் தண்ணியிலதான் குளிக்கிறாங்க.

வேலை பார்த்தவங்க சங்கம் அமைச்சாங்க. உடம்பு கெட்டுப் போச்சு, நிவாரணம் வேணும் என்று கேட்டாங்க. பாதரசத்தால யாருக்கும் நோய் வரலை என்பது கம்பெனியோட வாதம், கடைசி வரைக்கும் அதைத்தான் சொன்னாங்க. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. மனு, ஊர்வலம், வாய்தா. பதினாலு வருஷம் ஓடிப் போச்சு. நம்ம ஊர் விஷயம், நம்ம மாநிலத்துக்காரங்க பாதிப் பேருக்கே தெரியாது.

2015 ஜூலை 30-ந் தேதி ஒரு பாட்டு வந்தது. பேர் "கொடைக்கானல் வோன்ட்". கொடைக்கானல் விடாது, அடங்காது என்று அர்த்தம் வெச்சுக்கலாம். பாடினது சோபியா அஷ்ரப், சென்னைப் பொண்ணு. ராப் பாட்டு. ராப் என்றால் ராகம் போட்டு இழுக்காம, தாளத்துக்கு வார்த்தையை அடுக்கி அடுக்கிச் சொல்றது. நம்ம பெரியாத்தாங்க குழாயடிச் சண்டையில மூச்சு விடாம சொலவடை விடுவாங்களே, அந்த வேகம்னு வெச்சுக்குங்க! வார்த்தைகளும் சோபியா எழுதினதுதான். ரதீந்திரன் பிரசாத் என்பவர் படம் பிடிச்சார். ஜட்கா என்ற பிரச்சார அமைப்பு அதை யூடியூப்பில் போட்டது. கேசட் கம்பெனி கிடையாது. சினிமா கிடையாது. எந்த வாசல்லயும் யாரும் நிக்கலை.

அந்த மெட்டு நிக்கி மினாஜ் என்ற அமெரிக்கப் பாடகியோட பிரபலமான பாட்டு மெட்டு. உலகம் பூரா சின்னப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச மெட்டு. அந்த நிக்கி மினாஜே இந்தப் பாட்டைப் பார்த்துட்டு தன்னோட ட்விட்டர் பக்கத்துல பகிர்ந்தாங்க. அவ்வளவுதான், தீ பிடிச்ச மாதிரி பரவுச்சு. பார்வைக் கணக்கு 30 லட்சத்தைத் தாண்டிச்சு. யூனிலீவர் கம்பெனியோட உலகத் தலைமை அதிகாரியே பதில் சொல்ல வேண்டியதாச்சு. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்கள், இறந்தவங்களாக இருந்தால் அவங்க குடும்பத்தார், எல்லாருக்கும் கருணைத் தொகை தருவதாக கம்பெனி ஒப்பந்தம் போட்டது.

கை தட்டுறீங்க. தட்டுங்க. ஆனா இந்த இடத்துலதான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுறாங்க. "ஒரு பாட்டு பாடினாங்க, கம்பெனி பணிஞ்சுது" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்றாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்லை. சங்கம் இல்லாம, வருஷக்கணக்கா கோர்ட்டுல நின்ன கேஸ் இல்லாம, அந்தப் பாட்டு ஒரு வாரம் பார்த்து மறந்து போற பாட்டா முடிஞ்சிருக்கும். காய்ஞ்ச விறகு அடுக்கியிருந்தது, பாட்டு தீக்குச்சி. விறகு இல்லாத இடத்துல தீக்குச்சி விரலைத்தான் சுடும்.

இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. அந்தப் பாட்டு இங்கிலீஷ் பாட்டு. யாருக்காகப் பாடினாங்களோ அவங்க பேசுற மொழியில இல்லை. கம்பெனிக்காரர் காதுல விழணும், அதுக்கு இங்கிலீஷ்தான் சரி என்று சொல்லலாம், அதுல நியாயமும் இருக்கு. 2018-ல் மண்ணைச் சரியா சுத்தம் பண்ணலை என்று சொல்லி இரண்டாவது பாட்டு வந்தப்போ, டி.எம். கிருஷ்ணா, அம்ரித் ராவ் எல்லாம் சோபியாவோட சேர்ந்து பாடினாங்க. அதுல தமிழும் இருந்தது. இருந்தாலும் பாதரசத்தைக் கையில அள்ளின ஒரு அக்கா, தன் குரல்ல, தன் மெட்டுல பாடின பாட்டு அதே அளவு ஊரெல்லாம் ஓடலையே என்று எனக்கு இன்னும் தோணும். முளைப்பாரிக் கும்மியும் ஒப்பாரியும் தெரிஞ்ச மலை இது.

சோபியா முதல் பாட்டுலயே பேர் எடுக்கலை என்பதையும் சொல்லணும். போபால் விஷவாயு விஷயத்துக்காக 2008 வாக்கிலேயே பாடினவங்க அவங்க. நடுவுல ஏழு வருஷம். நம்ம பிள்ளைங்க ரெண்டு பாட்டு போட்டுட்டு "யாரும் பார்க்கலை" என்று சேனலை மூடிடுதுங்க. சேமிப்பு ஆரம்பிச்ச மூணாவது மாசமே பேங்க்ல கடன் குடுத்தாங்களா நமக்கு?

இதே வழியில கபேர் வாசுகி என்று ஒரு தம்பி இருக்கார். சுயேச்சையா பாட்டு எழுதிப் பாடி வெளியிடுறவர். அவர் எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடின புறம்போக்குப் பாட்டு 2017 ஜனவரியில் யூடியூப்பில் வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பத்தினது. புறம்போக்கு என்று நாம திட்டுறதுக்குத்தான் சொல்றோம். அது எல்லாருக்கும் பொதுவான நிலம், மேய்ச்சலுக்கும் தண்ணிக்கும் விட்டு வெச்ச நிலம் என்று அந்தப் பாட்டு திருப்பிச் சொல்லுது. கர்நாடக சங்கீத வித்வான் ஒருத்தர் சேறும் சாம்பலுமா கிடக்கிற இடத்துல நின்னு பாடுறார். சபாவில் அனுமதி கேட்டிருந்தா கிடைச்சிருக்குமா? அதையும் நீங்களே யோசிங்க.

சரி, பேப்பருக்கு வர்றேன். "ஐயாயிரம் கையில வருது, நாமே போட்டா அஞ்சு பைசா வருமா?" என்று அந்தக் குழுவில் ஒரு அக்கா கேட்டாங்க. நேர்மையான கேள்வி. நேர்மையாவே பதில் சொல்றேன். உடனே வராது.

யூடியூப்பில் விளம்பர வருமானத்துல பங்கு வேணும்னா, சேனலுக்கு 1000 சந்தாதாரர் இருக்கணும். அதோட பன்னெண்டு மாசத்துக்குள்ள 4000 மணி நேரம் ஜனங்க பார்த்திருக்கணும். குட்டிப் படங்களுக்கு வேற கணக்கு இருக்கு, அதை விடுங்க. 4000 மணி நேரம் என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் நிமிஷம். மூணு நிமிஷப் பாட்டு ஒண்ணை முழுசா 80 ஆயிரம் தடவை பார்க்கணும். கணக்கு எழுதுற சகோதரிகள் சரிபார்த்துக்கலாம். அது தாண்டினாலும் 100 டாலர் சேர்ந்தாத்தான் பேங்குக்கு அனுப்புவாங்க. ஸ்பாட்டிபை என்று பாட்டு கேக்கிற இன்னொரு இடம் இருக்கு. அதுல 2024-லிருந்து ஒரு பாட்டு வருஷத்துக்கு 1000 தடவையாவது கேட்கப்பட்டாத்தான் அந்தப் பாட்டுக்குப் பணமே உண்டு. அதுல நேரா போட முடியாது, நடுவுல ஒரு விநியோகக் கம்பெனி வழியாத்தான் போடணும். அவங்க வருஷக் கட்டணமோ, பங்கோ எடுப்பாங்க. ஆக இதை ஆடு வளர்ப்பு மாதிரி வருமானத் திட்டம் என்று நினைச்சு யாரும் உள்கடன் வாங்கிடாதீங்க. நான் பொறுப்பாக மாட்டேன்.

பின்னே எதுக்குப் போடணும்? பாட்டு யாரோடது என்று பதிவாகிறதுக்கு. பாடினவங்க பேர், ஊர், எந்தத் தேதியில போட்டாங்க, எல்லாம் அங்க நிக்கும்.

பேர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். "எஞ்சாய் எஞ்சாமி" பாட்டு எல்லாருக்கும் தெரியும், உங்க வீட்டுக் கல்யாணத்துல கூட போட்டிருப்பீங்க. 2021 மார்ச்சில் வந்தது. தீ, அறிவு ரெண்டு பேரும் பாடினாங்க, சந்தோஷ் நாராயணன் இசை. சினிமாப் பாட்டு இல்லை, சுயேச்சைக் கலைஞர்களுக்காக ஆரம்பிச்ச ஒரு தளத்துல வெளியானது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்ச தன்னோட பாட்டி வள்ளியம்மாள் வாழ்க்கையிலிருந்து எடுத்ததாக அறிவு சொல்லியிருக்கார். காப்பித் தோட்டத்துல கூடை சுமக்கிற நம்ம அக்காமார்களுக்கு அது சொந்தக் கதை மாதிரி. அப்பேர்ப்பட்ட பாட்டுக்கு, அதே வருஷம் ஆகஸ்டில் ஒரு பெரிய இங்கிலீஷ் இசைப் பத்திரிகை அட்டைப்படம் போட்டப்போ அறிவு அதுல இல்லை. எவ்வளவு பேர் கேள்வி கேட்டாங்க! பிறகு 2024 மார்ச்சில், கோடிக்கணக்குல ஓடின அந்தப் பாட்டுக்கு எங்க யாருக்கும் வருமானமே வந்து சேரலை என்று இசையமைப்பாளரே வெளிப்படையாச் சொன்னார். அந்த நிறுவனம் தன் பக்கத்துக் கணக்கை வேற மாதிரி சொன்னது. யார் சொல்றது சரின்னு நான் தீர்ப்புச் சொல்ல வரலை. படிச்சவங்க, வக்கீல் வெச்சுக்க முடிஞ்சவங்க, அவங்களுக்கே கணக்கு இப்படி இருந்தா, ரெண்டு பக்கப் பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்ற நம்ம நிலைமை என்ன?

இப்ப சட்டம். ரெண்டே விஷயம்தான், பயப்படாதீங்க. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 2012-ல் திருத்தினாங்க. பாட்டன் பூட்டன் காலத்துப் பாட்டுக்கு எழுதினவர் யாருன்னு தெரியாது, அது ஊர்ச் சொத்து. ஆனா அதை நீங்க பாடினா, அந்தப் பாடலுக்கு, உங்க குரலுக்கு, நிகழ்த்துபவர் உரிமை என்று ஒண்ணு உண்டு. உங்க சம்மதம் இல்லாம பதிவு பண்ணி விக்கக் கூடாது. நீங்களே வரி கட்டிப் பாடினா, அந்த வரிக்கு நீங்கதான் ஆசிரியர். ஆசிரியரோட ராயல்டிப் பங்கை, அதாவது பாட்டு ஓடும்போதெல்லாம் வரவேண்டிய பங்கை, எழுதிக் குடுத்துட்டேன் என்று சொன்னாலும் முழுசா பறிச்சுக்க முடியாதபடி 2012 திருத்தம் வேலி போட்டிருக்கு.

இன்னொண்ணு, உரிமையை எழுதிக் குடுக்கிறது வாய்வார்த்தையில செல்லாது. எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷம் என்று எழுதலைன்னா சட்டப்படி அஞ்சு வருஷம்தான். எந்த நாடு என்று எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதனாலதான் அந்தப் பேப்பர்ல "எல்லாக் காலத்துக்கும், எல்லா நாட்டுக்கும்" என்று தெளிவா அடிச்சிருக்காங்க. தெரியாம எழுதினது இல்லை சகோதரிகளே.

நாமே போடுறது எப்படி என்று கேப்பீங்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. நல்ல போன் ஒண்ணு போதும். காத்து இல்லாத அறை வேணும். நம்ம மலைக்காத்து மைக்குல விழுந்தா பாட்டே கேக்காது, ஆறு தடவை எடுத்துக் கெடுத்த அனுபவத்துல சொல்றேன். ஓட்டு வீட்டை விட பாய், போர்வை, துணிமணி நிறைஞ்ச அறையில குரல் கும்முனு விழும். ஒரு பாட்டு மூணு நிமிஷத்துக்குள்ள. தலைப்புல பாட்டு வகை, ஊர், பாடினவங்க பேர். "சூப்பர் கிராமத்துப் பாட்டு" என்று போட்டா யார் தேடினாலும் கிடைக்காது. "தாண்டிக்குடி முளைப்பாரிக் கும்மி" என்று போட்டா, அந்த ஊர்லேர்ந்து திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போன பொண்ணு தேடிக் கேக்கும். நம்ம முதல் நேயர் அவதான், அமெரிக்காக்காரர் இல்லை. திருவிழாவுக்கு முந்தின வாரம் போடுங்க, அப்பத்தான் குழுவுக்குக் குழு வாட்ஸ்அப்ல ஓடும். சினிமா மெட்டுல பாடாதீங்க. கொடைக்கானல் பாட்டு வேறொருத்தர் மெட்டுல வந்தது, அந்தப் பாடகியே பாராட்டிட்டாங்க, அது அபூர்வம். நமக்கு அப்படி நடக்காது. மெட்டுக்குச் சொந்தக்கார கம்பெனி உரிமை கோரினா, வர்ற வருமானம் அவங்களுக்குப் போகும், இல்லைன்னா பாட்டையே எடுத்துடுவாங்க. நம்மகிட்ட மெட்டுக்கா பஞ்சம்?

சேனல் நாலு பேர் கண்ணுல பட்டதும் இன்னொரு கூட்டம் வரும். "மேடம், மூவாயிரம் கட்டுங்க, லட்சம் பார்வை வாங்கித் தர்றோம்" என்று போன் வரும். ஒரு ரூபாய் கட்டாதீங்க. ஓடிபி கேட்டா சொல்லாதீங்க. ஏமாந்துட்டா வெட்கப்பட்டு மறைக்காம உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. கீழே அசிங்கமா கருத்து எழுதுறவங்களும் வருவாங்க. கருத்துப் பகுதியை மூடி வைக்க வசதி இருக்கு, மூடிடுங்க. முகம் காட்ட விருப்பம் இல்லாத சகோதரி குரல் மட்டும் குடுக்கட்டும், படத்துக்கு மலையைக் காட்டுங்க. வீட்டுல சண்டை வரும்னு தயங்குறவங்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. ஒப்பாரி மட்டும் ஒரு வார்த்தை: அது இறந்தவங்க வீட்டுச் சொத்து. அந்த வீட்டாரைக் கேக்காம போடவே கூடாது.

கேக்காம போட்டா எப்படி இருக்கும் என்பதை ஒரு பாட்டிகிட்ட நான் நேர்ல பார்த்தேன். சுற்றுலா வந்தவங்க சிலர் அவங்ககிட்ட ஒரு தாலாட்டு பாடச் சொல்லிப் படம் எடுத்தாங்க. அதை யாரோ எங்கேயோ போட்டு, நிறையப் பேர் பார்த்திருக்காங்க. பேரன் போன்ல காட்டினப்போ பாட்டி முதல்ல சிரிச்சாங்க. அப்புறம், "ஏன்டா, என் பேரு எங்க இருக்கு? என் மகளுக்குப் பாடினது, அவ பேரும் இல்லையே" என்று கேட்டாங்க. அந்த மக சின்ன வயசுலயே இறந்துட்டா. கீழே "மலைவாசிப் பாட்டி" என்று மட்டும் போட்டிருந்தது. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. காசு கேக்கலை அந்தப் பாட்டி.

கடைசியா என்மேலயே ஒரு புகார். போன வருஷம் ஒரு குழுவோட பாட்டு ரெண்டை நானே போன்ல எடுத்து, நானே ஒரு சேனல் ஆரம்பிச்சுப் போட்டேன். உதவின்னு நினைச்சுத்தான் செஞ்சேன். ஆனா அது என்னோட மெயில் ஐடி, என்னோட பாஸ்வேர்ட். நாளைக்கு எனக்கு மாறுதல் வந்தாலோ, நான் வேலையை விட்டாலோ, அந்தப் பாட்டு என்னோட கிளம்பிடும். குழு பாஸ்புக்கை கள அலுவலர் பையில வெச்சுக்கக் கூடாது என்று பத்து வருஷமா பயிற்சி குடுக்கிறவ நான். அதையேதான் நான் செஞ்சிருக்கேன். அந்த வரி உள்ள பேப்பரைப் படிச்ச ராத்திரிதான் எனக்கே உறைச்சுது.

அதனால இந்த வாரமே அந்தச் சேனலை குழுவோட பேர்ல ஒரு புது மெயிலுக்கு மாத்திடுறேன். பாஸ்வேர்ட் ஊக்குநர், பிரதிநிதி ரெண்டு பேர்கிட்ட இருக்கட்டும், தீர்மான நோட்டுல யார் யாருன்னு எழுதிடுங்க. பணம் வந்தா யார் பான் கார்டு, எந்தப் பேங்க் கணக்கு, எப்படிப் பங்கு, அதையும் வர்றதுக்கு முன்னாடியே எழுதுங்க. வந்தப்புறம் எழுதினா சண்டைதான்.

அந்தப் பேப்பர் விஷயம். கையெழுத்துப் போடாதீங்கன்னு நான் உத்தரவு போட முடியாது. ஐயாயிரம் ரூபாய் சில வீட்டுக்கு ரெண்டு மாச அரிசி. ஆனா அவரைத் திருப்பிக் கேளுங்க: பத்துப் பாட்டுக்குப் பதிலா ரெண்டு பாட்டு, எல்லாக் காலத்துக்குப் பதிலா ரெண்டு வருஷம், பாடினவங்க எல்லார் பேரும் போடணும், நாங்களும் எங்க சேனல்ல போட்டுக்குவோம், வருமானத்துல பங்கு எவ்வளவுன்னு எழுத்துல. சம்மதிச்சா நல்ல மனுஷன், பேசலாம். கோவிச்சுக்கிட்டுப் போனா, பாட்டு நம்மகிட்டயே இருக்கு. குழுக்கூட்டம் வர்ற செவ்வாய்க்கிழமை. நானும் வர்றேன், ஆனா முடிவு உங்களோடது.

இப்ப அந்தக் குழுவே மேடைக்கு வருது, ஒரு கும்மி பாடப் போறாங்க. போனைத் தூக்கிப் பிடிக்கிற தங்கச்சி, கொஞ்சம் பொறும்மா. முதல்ல அக்காகிட்ட கேளு, எடுக்கட்டுமான்னு.